ஊசி ஒரு வெட்டு மேலே

12 நவம்பர் 1957, செவ்வாய். அன்னவாசல்.

மழை விட்டதும் முதல் வேலையாக மாட்டு டாக்டர் குழந்தைசாமியின் மோட்டார் சைக்கிள் என் ரிப்பேர்க் கடைக்கு வந்து நின்றது. ஒற்றை சிலிண்டர், யுத்தத்துக்குப் போய் வந்த வண்டி. பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, புகை கருப்பாக வருகிறது என்றார். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற ஊசியை, அதன் தலையில் கிளிப் மாட்டுகிற வெட்டுக் கணக்கில், மூன்று வெட்டு கீழே இறக்கினேன். ஊசி இறங்கினால் பெட்ரோல் குறையும், காற்று கூடும். எஞ்சின் சூடானதும் காற்றுத் திருகைக் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று திருப்பிக் காதால் பிடித்தேன். இந்த வேலைக்கு வேறு அளவுகோல் கிடையாது. காதுதான். தட்தட்டென்று சீராக விழுந்ததும் விட்டேன். கடைத்தெரு வரை ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இலுப்பூர்ப் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்துவிட்டதாம். மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் கம்பவுண்டரிடம் என் ஊசி. நெஞ்சில் டி.பி. என்று டாக்டர் சொன்னதிலிருந்து, இரண்டு மாதமாகத் தினம் ஒன்று. மகள் ரஹீமாவைக் கீரமங்கலத்தில் என் சம்சாரம் ஆபிதாவின் அக்கா வீட்டில் விட்டிருக்கிறோம். ஆறு வயதுப் பிள்ளை, என் பக்கத்தில் படுக்கக் கூடாது. போகும்போது அழவில்லை. அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

ஊசி போட்டபின் காதுக்குள் சிள்வண்டு கத்துகிறது. பலவீனம் என்கிறார் கம்பவுண்டர்.

14 நவம்பர்

சிள்வண்டு நிற்கவில்லை.

15 நவம்பர், வெள்ளி

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பஸ் கண்டக்டர் எனக்காக நிற்கிறார். குழந்தைசாமி விழுந்துவிட்டார். விராலிமலை ரோட்டில், இலுப்பூர் தாண்டி ஏற்றத்தில், வேகமாகப் போகும்போது எஞ்சின் அப்படியே இறுகிப் பிடித்துக்கொண்டதாம். பின்சக்கரம் சுற்றாமல் இழுத்து ஆளைத் தூக்கி எறிந்திருக்கிறது. காறை எலும்பு உடைந்து, நெற்றியில் தையல். எதிரே வந்த லாரி ஒதுங்கியதால் உயிர் பிழைத்தார்.

வண்டி மாட்டுவண்டியில் ஏறி வருகிறது. என்னிடம்தான்.

16 நவம்பர்

சிலிண்டரைக் கழற்றினேன். பிஸ்டன் முழுக்கக் கீறல். பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. பெட்ரோல் போதாமல் வெந்திருக்கிறது. வேறு யாரும் தொடவில்லை. நான் வைத்த ஊசி நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

ஆனால் எஞ்சின் வேகிறதற்கு முன்னால் சொல்லுமே. ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டால் மேலாக ஒரு கிணுகிணுப்பு வரும். பத்து வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே பிழைக்கிறேன்? அன்றைக்கு வரவில்லையே?

கதவோரம் நின்ற ஆபிதாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன்.

“வந்துச்சு மச்சான். கிண்ணத்துல கடுகப் போட்டுக் குலுக்குன மாதிரி. வீட்டுக்குள்ள இருந்த எனக்கே கேட்டுச்சு. நீங்க வேணும்னுதான் அப்படி வைக்கிறீங்கன்னு நெனச்சேன்.”

கொத்துச்சாவியை எடுத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். குலுக்கு என்றேன். ஒன்றும் கேட்கவில்லை. குலுக்கு என்று மறுபடி சொன்னேன்.

“குலுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள்.

19 நவம்பர், செவ்வாய்

புதுக்கோட்டை போய் டாக்டர் சோலையப்பனைப் பார்த்தேன். ஓர் இரும்புக் கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார். பெரிய கவை கேட்டது, சின்னது கேட்கவில்லை. சிலருக்கு இந்த ஊசி காதைத் தின்னும் என்றார். மெல்லிய சத்தம் முதலில் போகும், பிறகு பேச்சும் போகலாம். தலை சுற்றும், இருட்டில் தனியாக நடக்காதே என்றார். ஒரு நாள் விட்டு ஒரு நாளாகக் குறைக்கலாம், அதற்குமேல் குறைக்க மாட்டேன் என்றார்.

நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“காது இருக்கிறபடி நிக்கலாம். நெஞ்சு நிக்காது.”

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். காது இல்லாத மெக்கானிக்கைவிடக் கண் இல்லாத டிரைவர் தேவலை. ஆபிதாவிடம் ஊசியைக் குறைத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

22 நவம்பர்

இன்று ஊசிக்குப் போகவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். போட்டாச்சா என்றாள். தலையாட்டினேன்.

30 நவம்பர்

நாலு முறை போகவில்லை. சிள்வண்டு குறைந்திருக்கிறதா? காலையில் வேப்பமரத்தில் ஏதோ குருவிச் சத்தம் மாதிரி இருந்தது. குருவிதானா, நான் நினைத்துக்கொண்டதா?

இரண்டு வண்டிக்காரர்கள் நேரே புதுக்கோட்டைக்குப் போய்விட்டார்கள். குழந்தைசாமி விழுந்த கதை எங்கும் தெரியும். இலுப்பூரில் ராக்கன் என்பவனுடைய உழவுமாடு இரண்டும் செத்துப்போனதாம், ஊசி போட டாக்டர் இல்லாமல். யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் எனக்கு முழுசாகக் கேட்டிருக்குமா?

9 டிசம்பர், திங்கள்

ரத்தம். விடியற்காலையில், துண்டு நனைகிற அளவுக்கு.

ஆபிதா நேரே கம்பவுண்டர் வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது எல்லாம் தெரிந்திருந்தது. எத்தனை நாளா ஏமாத்துறீங்க என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். நான்தான் கத்தினேன். காது போச்சுன்னா யாருடி வண்டி கொண்டாருவா, என்னத்தத் திங்கிறது, ஒனக்கு என்ன தெரியும், அப்படி இப்படி. இருமலில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. நான் கத்தி முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தாள்.

“காது கேக்காத ஆளோட நான் குடும்பம் நடத்திருவேன் மச்சான். இல்லாத ஆளோட எப்படி நடத்துறது?”

பிறகு துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வாசலில் போய் நின்றாள். நான் எழுந்து சட்டையைப் போட்டேன்.

10 டிசம்பர்

ஊசி. டாக்டர் திட்டினார் என்று தெரிகிறது. தினசரி ஊசி மறுபடி ஒரு மாதம்.

27 டிசம்பர், வெள்ளி

இன்றைக்கு இலுப்பூர் போனேன், குழந்தைசாமி வீட்டுக்கு. மருந்து வேலை செய்கிறது, பஸ்ஸில் போய்வரத் தெம்பு இருக்கிறது. ஆனால் கண்டக்டர் ஊர்ப்பேரைக் கூவுவது கேட்காமல் ஒரு நிறுத்தம் தாண்டிப்போய் நடந்து திரும்பினேன்.

கையைக் கழுத்தோடு துணித் தொட்டிலில் கட்டி உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரம் அழகம்மாள் கதவுநிலையைப் பிடித்தபடி நின்றார். உட்காரச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை நின்றபடியே சொன்னேன். எனக்குக் காது கேட்கவில்லை, அது தெரியாமல் வண்டியைத் தொட்டேன், உங்களைக் கொல்லப் பார்த்தேன். அவ்வளவுதான். வழியெல்லாம் பெரிதாக யோசித்து வைத்திருந்தேன், அங்கே போனதும் ஒன்றும் வரவில்லை.

அழகம்மாள் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. புருஷன் பக்கம் திரும்பிச் சத்தமாகவே மறுபடி சொன்னார்: “திரும்பவும் இவருகிட்டயே வண்டியக் குடுக்கவா போறீங்க?”

குழந்தைசாமி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“சரி பண்ணுங்க பாய். ஆனா அந்த ஏத்தத்துல, அதே வேகத்துல, மொதல்ல நீங்க போயிட்டு வாங்க. அப்புறம் நான் ஏறுறேன்.”

11 ஜனவரி 1958

திருச்சியிலிருந்து புது பிஸ்டன் வந்தது. சிலிண்டரைக் கடைந்து வாங்கிப் பூட்டினேன். முதல் உதையிலேயே எஞ்சின் ஓட ஆரம்பித்தது. பெரிய சத்தம் கேட்கிறது, நெஞ்சுக்குள்ளேயே கேட்கிற மாதிரி. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

19 ஜனவரி

பெட்ரோல் டாங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். எஞ்சின் தடுமாறினால் கைக்குத் தெரிகிறது. காற்றுத் திருகைத் திருப்பத் திருப்ப அந்தத் தடுமாற்றம் குறைவதும் தெரிகிறது. காதால் செய்ததைவிட நேரம் பிடிக்கிறது. பரவாயில்லை. ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறேன். செங்கல் நிறம் வந்தால் சரி, வெளுத்தால் தப்பு, கறுத்தால் வேறு தப்பு.

ஊசியை அன்றைக்கு வைத்ததற்கு ஒரு வெட்டு மேலே வைத்திருக்கிறேன். மெதுவாக ஓட்டிப் புது பிஸ்டனைப் பழக்குகிறேன். பிளக் செங்கல்தான். ஆனால் சமதள ரோட்டில் வருகிற செங்கல் ஏற்றத்திலும் வருமா? ஏற்றத்தில் கிணுகிணுப்பு வந்தால் அதைக் கையால் பிடிக்க முடியாது.

1 பிப்ரவரி

ஆபிதா சொல்கிறாள், தான் பின்னால் உட்கார்ந்து வருவதாக. கிணுகிணுப்பு கேட்டால் தோளில் தட்டுவாளாம். முடியாது என்றேன். பட்டப்பகலில் மோட்டார் சைக்கிளில் பொம்பளை, அதுவும் நம் வீட்டுப் பொம்பளை, ஊரைத் தாண்டி. ஜமாஅத்தில் கூப்பிட்டு வைத்துக் கேட்பார்கள். அது மட்டுமா? தலைசுற்றல் முழுசாகப் போகவில்லை. அந்த ஏற்றத்தில் எஞ்சின் மறுபடி பிடித்தால் எறியப்படுவது நான் மட்டும் இல்லையே. ரஹீமாவுக்கு யார் இருக்கிறார்கள்?

அதைச் சொன்னேன். “அதனாலதான் வாரேங்கிறேன்” என்றாள்.

3 பிப்ரவரி, திங்கள்

போனோம்.

துப்பட்டியை இறுக்கிச் சொருகிக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்தாள். கடைத்தெருவில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். நான் ரோட்டை மட்டும் பார்த்தேன். தலையைத் திருப்பினால்தான் சுற்றுகிறது, நேரே பார்த்தால் இல்லை. குடுமியான்மலை பிரிகிற இடம் தாண்டும்போது அவள் பிடி என் சட்டையை இழுத்தது. பயம்தான். நானும் பயந்துதான் ஓட்டினேன்.

இலுப்பூரில் நின்று பிளக்கைப் பார்த்தேன். செங்கல். இனி ஏற்றம்தான் என்றேன்.

அடிவாரத்திலிருந்தே முறுக்கினேன். டாங்கில் முழங்கால்களை இறுக்கி வைத்திருந்தேன். அதிர்வு சீராக இருந்தது. சரியாக வைத்துவிட்டோம், இவள் வராமலே தெரிந்திருக்கும் என்று நினைத்த நேரத்தில் தோளில் தட்டு விழுந்தது. உடனே இன்னொன்று. அப்புறம் அறைகிற மாதிரி தொடர்ந்து. கிளட்சைப் பிடித்து முறுக்கை விட்டுவிட்டேன். வண்டி மெல்ல உருண்டு ஓரத்தில் நின்றது. என் கைக்கும் தெரியவில்லை, பிளக்குக்கும் தெரியவில்லை. அவளுக்குத்தான் தெரிந்தது.

அங்கேயே, ரோட்டோரப் புளியமரத்தடியில், எஞ்சின் ஆறும்வரை இருந்தோம். கார்புரேட்டர் மூடியைக் கழற்றி ஊசியை இன்னும் ஒரு வெட்டு மேலே ஏற்றினேன். அவள் முந்தானையில் கிளிப்பை வைத்துப் பிடித்துக்கொண்டாள், மண்ணில் விழுந்துவிடாமல். போதும், திரும்பலாம் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் திரும்பியிருப்பேன். அவள் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு வண்டிப் பக்கத்தில் வந்து நின்றாள்.

மறுபடி அடிவாரம். மறுபடி அதே முறுக்கு. முன்பு தட்டிய இடம் வந்தது. தட்டவில்லை. ரோட்டில் இன்னமும் சக்கரம் இழுத்த கறுப்புக்கோடு இருந்தது, அவர் விழுந்த இடம். அதையும் தாண்டினோம். தட்டவில்லை. காற்றில் அவளுக்குக் காது அடைத்துவிட்டதோ? பயத்தில் கை வரவில்லையோ? கிளட்சின்மேல் விரலை வைத்தபடியே உச்சிவரை போனேன். எத்தனை முறை யா அல்லாஹ் என்றேன் என்று எண்ணவில்லை.

மேட்டில் நிறுத்தி இறங்கியதும் அதட்டினேன், ஏன் தட்டலே என்று.

வாயை என் காதுக்கருகே கொண்டுவந்து சொன்னாள். “தட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல.”

தூரத்தில் விராலிமலைக் கோயில் தெரிந்தது. பிளக்கைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். சுடும் என்று சொல்வதற்குள் கையைச் சுட்டுக்கொண்டாள். சிரித்தோம். வீட்டுக்கு வந்தபிறகு அழுதாள் என்று நினைக்கிறேன். முதுகு தெரிந்தது, சத்தம் தெரியவில்லை.

5 பிப்ரவரி

ஜமாஅத்தில் இருந்து பெரியவர் ஒருவர் வந்து வாசலில் நின்று ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை என்று காதைக் காட்டினேன். உண்மைதான். கொஞ்சம் கேட்டது.

7 பிப்ரவரி, வெள்ளி

வண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏற்றத்தில் போய்வந்ததைச் சொன்னேன், பின்னால் உட்கார்ந்திருந்தது யார் என்பதையும். குழந்தைசாமி ஹாண்டில்பாரைத் தடவிக்கொண்டிருந்தார். அழகம்மாள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். சொம்பில் மோர் வந்தது. குழந்தைசாமி ஏறி உட்காருவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

2 மார்ச்

இன்றும் ஒரு சின்னச் சத்தம் போய்விட்டது. கொதிக்கிற உலைமூடி.

20 ஜூன், வெள்ளி

எக்ஸ்ரே பார்த்துவிட்டு, நெஞ்சு ஆறிவிட்டது என்று டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். ஊசி நிறுத்தம். மாத்திரை மட்டும் இன்னும் ஒரு வருஷம். இடது காது இல்லை. வலது காதில் அருகே வந்து சொன்னால் பாதி.

கீரமங்கலம் போய் ரஹீமாவைக் கூட்டிவந்தோம். பஸ் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். அவள் பெரியம்மா என்ன சொல்லி வைத்திருந்தாரோ, என் வலதுபக்கமாகத்தான் உட்கார்ந்தாள். ஒரு வாத்தைப் பற்றிய கதை என்பதுவரை புரிந்தது.

4 ஜூலை

மூன்று வண்டி. இரண்டில் காற்றுத் திருகு மட்டும், கையால் முடித்தேன். மூன்றாவதுக்கு ஆபிதா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுச் சொன்னாள்.

சாப்பிடும்போது சொன்னாள், மத்தியானம் குழந்தைசாமி இந்தப் பக்கமாகப் போனாராம். புதுக்கோட்டையிலிருந்து விராலிமலைக்கு, தனியாக, நல்ல வேகத்தில். நான் குனிந்து வேலையில் இருந்திருக்கிறேன், கேட்கவில்லை. வண்டியைக் காட்டக்கூடக் கடை வாசலில் நிற்கவே இல்லையா என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.