போனஸ் கோட்டில் ஒரு விரல் மண்

5.2 வியாழன்

காலையில் பனி. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து பைக் ஓட்டி, கந்தர்வக்கோட்டையிலிருந்து திடலுக்கு வந்து சேர எட்டு மணி. உரக்கடையை ஞாயிறு வரை மலர் பார்த்துக்கொள்வாள். முணுமுணுத்தாள்தான். பெண்டாட்டி என்றால் அதுவும் உண்டு.

வேலை: ஞாயிறு வரை நடக்கும் கபடிப் போட்டிக்குக் களம் போடுவது. கயிறு பிடித்து அளந்து, சுண்ணாம்புத் தூள் கொட்டி, நடுக்கோடு, எல்லைக்கோடு, போனஸ் கோடு. முந்திரிக்காட்டை ஒட்டிய செம்மண் திடல். நாலு கால் தேய்த்தால் கோடு காணாமல் போகும். அதிகம் மிதிபடுவது நடுக்கோடு என்பதால் அதை மட்டும் தடிமனாகப் போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

முருகானந்தம் பத்து மணிக்கு வந்தான், காரில். (இனி மு. முழுப்பெயர் எழுத மனசு வரவில்லை.) நானும் அவனும் ஒரே வருடம் அம்பயர் தேர்வு எழுதிப் பாஸானவர்கள். சொல்லப்போனால் எனக்கு ரெண்டு மார்க் கூட. கமிட்டித் தலைவர் ஓடிப்போய் அவனுக்குச் சால்வை போட்டார். மெயின் ரெஃப்ரி மு. நான் போனஸ் கோட்டோரம் நிற்கிற லைன் அம்பயர். எனக்கு டீ கொடுத்தார்கள். ஆறிப்போயிருந்தது.

6.2 வெள்ளி

நல்ல வெயில். எட்டு ஆட்டம். தகராறே இல்லை. மு. விசில் ஊதினால் கூட்டம் கப்சிப்.

அவனிடம் இருப்பவை:
– வெளிநாட்டு விசில்
– அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியார் வேலை
– தொப்பை இல்லாத வயிறு
– ஒருதரம் பார்த்தவன் பெயரைக்கூட மறக்காத ஞாபகம்
– மாநில நடுவர் பட்டியலுக்குக் கமிட்டி தரப்போகும் சிபாரிசு. ஒருவருக்கு மட்டும்தான். இன்னும் தரவில்லை. தந்துவிடுவார்கள்.

என்னிடம் இருப்பவை: ரெண்டு மார்க்.

மதியம் மலர் போன். டி.ஏ.பி. மூட்டை எங்கே என்று கேட்டுவிட்டு, "ஏங்க, முருகானந்தம் அண்ணன் வந்துருக்காங்களா? அவங்க இருந்தா ஒரு பிரச்சனையும் வராது" என்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்குப் பசியில்லை என்று போனை வைத்தேன். பொய். மூன்று புரோட்டா.

7.2 சனி

அரையிறுதி. நீலச் சட்டை அணிக்கும் சிவப்புச் சட்டை அணிக்கும். நீலத்தில் ஒரு நெட்டையன், குமரேசன். சிங்கப்பூரில் வெல்டர். இந்த ஆட்டத்துக்காகவே லீவு வாங்கி வந்தானாம். திங்கட்கிழமை ஃபிளைட்.

காலையில் டீக்கடை. தலைவர் மு.விடம் சொன்னது காதில் விழுந்தது: "மாநில லிஸ்ட்டுக்கு ஒங்க பேரத்தான் எழுதிட்டோம் சார்." நான் இரண்டடி தள்ளி வடை தின்றுகொண்டிருந்தேன். அதற்குமேல் வடை இறங்கவில்லை. வயிறு எரிந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கடைசிப் பாட்டு, அதாவது கடைசி ரெய்டு. இரண்டு பக்கமும் சம புள்ளி. குமரேசன் பாடிப் போகிறான். ஒரு போனஸ் கிடைத்தால் நீலம் ஃபைனலுக்குப் போய்விடும். முன்கால் போனஸ் கோட்டை முழுதாகத் தாண்டி ஊன்ற வேண்டும், அந்த நேரம் பின்கால் தரையில் இருக்கக்கூடாது. கோட்டில் பட்டால் புள்ளி இல்லை. அவ்வளவுதான் விதி.

குனிந்து பார்த்தேன். குதிகாலுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குச் செம்மண். பின்கால் அந்தரத்தில். சுத்தமான போனஸ்.

மு. நின்ற பக்கத்திலிருந்து அது தெரியாது. என்னைப் பார்த்தான். போனஸ் என்று கட்டைவிரலைத் தூக்க வேண்டிய நான், இல்லை என்று கையை ஆட்டினேன். அவன் யோசிக்கவே இல்லை. போனஸ் இல்லை என்று ஊதினான்.

ஏன் செய்தேன்? சால்வை. வடை. வேறென்ன. கூட்டத்தில் எல்லார் கையிலும் போன் இருப்பது எனக்குத் தெரியும். ஒரு தடவையாவது அவன் தீர்ப்பு நாறட்டும் என்று நினைத்தேன்.

குமரேசன் என்னிடம் ஓடி வந்தான். காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். குதிகாலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. எங்கள் பக்கத்துத் திடல்களில் அதுதான் சாட்சி. சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் கோட்டை மிதித்தவன், பேச்சு முடிந்தது. ஆனால் அது நடுக்கோட்டுச் சுண்ணாம்பு. நான் தடிமனாகக் கொட்டியது. போகும்போது அதை மிதித்துவிட்டுத்தான் போனான், பார்த்தேன். "தாண்டிட்டேண்ணே" என்று மட்டும் சொன்னான். தன் காலையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனான்.

சமம் என்றாகி, கூடுதல் பாட்டில் சிவப்பு ஜெயித்தது.

அதே நாள், மாலை

வீடியோ வந்துவிட்டது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். அந்த ஒரு விரல் மண் பளிச்சென்று தெரிகிறது. நீலத்து ஆட்கள் மேடையைச் சுற்றிக்கொண்டு மு.வின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். நான் கேட்டது இதுதானே. நானோ கயிற்றைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

என் பக்கம் கை காட்டினால் அவன் தப்பித்தான். காட்டவில்லை. "தீர்ப்பு என்னுது. அவரக் கேக்காதீங்க, நான்தான் சரியாப் பாக்கல" என்றான். ஃபைனலில் தான் ஊதப்போவதில்லை என்றும் சொன்னான். முடிந்த ஆட்டத்தைத் திரும்ப நடத்த முடியாது என்று கமிட்டி கையை விரித்துவிட்டது.

பிறகு தலைவர் என்னிடம் வந்தார். "நாளைக்கு நீங்கதான் சார் மெயின். லிஸ்ட்டுலயும் பேர மாத்திருவோம்." சார் என்றார். மூன்று நாளில் முதல் தடவை.

சோறு இறங்கவில்லை. இன்றைக்கு நிஜமாகவே. மலரிடம் சொல்லவில்லை.

மு.வைப் பார்த்து இன்னும் எரிகிறது. இவ்வளவு நல்லவனாக இருக்க எவனாவது சொன்னானா?

8.2 ஞாயிறு

மேகமூட்டம். கோடுகளைத் திரும்பப் போட்டேன், எல்லாம் ஒரே தடிமனில்.

லைன் அம்பயருக்கு ஆள் இல்லை. "நான் நிக்கிறேன் மாப்ளே" என்று மு. வந்தான். நேற்று நான் நின்ற அதே இடம். ஒருத்தன் அவனைப் பார்த்து ஊளையிட்டான். மு. அங்கிட்டுத் திரும்பவே இல்லை.

ஃபைனலில் மூன்று போனஸ். முதல் இரண்டுக்கும் பயந்து பயந்து ஊதினேன், அவன் எனக்குத் திருப்பிச் செய்வானோ என்று. மூன்றாவது, ஆட்டத்தையே முடிக்கிற போனஸ். கால் எனக்குத் தெரியவில்லை. மு. கட்டைவிரலைத் தூக்கினான், ஊதிவிட்டேன். பிறகு ஒருவர் போனில் பார்த்தேன். மூன்றும் சரி.

பரிசளிப்பு. சால்வையை எனக்குப் போட்டார்கள். ஜரிகை கழுத்தை அறுத்தது. இரண்டு வார்த்தை பேசுங்கள் சார் என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். குமரேசன் கடைசி வரிசைக்குப் பின்னால் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான்.

நான் தொண்டையைச் செருமியதும், மேடைக்குக் கீழே நின்ற மு. வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினான். அப்போதுதான் உறைத்தது. இவனுக்கு நேற்றே தெரியும்.

"நேத்து குமரேசன் கால் கோட்டத் தாண்டிருச்சு. ஒரு வெரல் மண்ணு இருந்துச்சு. பாத்துட்டுத்தான் இல்லைன்னு கையாட்டினேன். முருகானந்தம் மேல தப்பில்ல."

கப்சிப். அப்புறம் ஒரு நாற்காலி பறந்து வந்தது. நீலத்து ஆட்கள் படியில் கால் வைப்பதற்குள் மு. மேடை ஏறி, எனக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது. இதிலும் அவன்தான் முன்னால்.