மாமனார் வீட்டுக்குப் போகும் கார்

1934 செப்டம்பர் 9, ஞாயிறு

எஞ்சினை இறக்கியாயிற்று. கொட்டிலின் கூரை வளையில் சங்கிலி போட்டு நானும் மூக்கையாவும் இழுத்தோம். அவன் தோட்டத்து லொறி ஓட்டியவன். தேயிலை விலை விழுந்ததும் துரை இந்தக் காரை என் தலையில் கட்டிவிட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். மூக்கையாவுக்கும் வேலை போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒத்தாசைக்கு வருகிறான்.

மஸீனா மறுபடியும் திகனைக்கு, பிறந்த வீட்டுக்குப் போகக் கேட்டாள். வாப்பாவைப் பார்த்து ஒன்றரை வருடமாகிறதாம். பஸ்ஸில் போகலாமே என்கிறாள். பஸ்ஸில் போய்த்தானே அந்தப் பாடு பட்டேன்!

அவள் தம்பி மஹ்மூதின் கல்யாணத்தன்று பஸ் பிந்திவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேரும் உட்கார்ந்தாயிற்று. எனக்குரிய இடத்தில், காரில் வந்த யாரோ ஒரு வியாபாரி சோறு பிசைந்துகொண்டிருந்தார். மூத்த மருமகன் நிற்கிறேன். மாமா சபைக்கே கேட்கும்படி சொன்னார்: "பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவருக்காகச் சோறு காத்திருக்க ஏலுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சமையல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இனி அந்த வாசலில் இறங்கினால் என் சொந்தக் காரிலிருந்துதான். மஸீனா இறங்குவதும் அப்படித்தான்.

செப்டம்பர் 30

நாள் முழுக்க வால்வு தேய்த்தேன். தோள் விட்டுப்போயிற்று. மஸீனா சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

ஒக்டோபர் 14

எஞ்சின் தண்டு சுழலும் பெயரிங்குகளுக்கு வெள்ளீயம் உருக்கி ஊற்றினோம். பிறகு தண்டில் நீல மை பூசி, வைத்துப் பார்த்து, மை ஒட்டின இடத்தை மட்டும் சுரண்டி, திரும்ப வைத்து — ஒரு பெயரிங்குக்கே மூன்று மணி நேரம். கண்டியில் வக்கீல் துரையின் கந்தோரில் பிரதி எழுதும் கை இது. மாமா வந்து பார்க்கட்டும்.

நவம்பர் 4

ஓடியது! பக்கத்து வீட்டார் எல்லாம் ஓடி வந்தார்கள். ஆனால் உள்ளே ஒரு தட்டல் சத்தம்.

பந்தயக் கார்களுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று கந்தோரில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் படித்தேன். இரும்பை விட்டுப் போகாதாம். அவ்வளவு ஆமணக்கெண்ணெய்க்கு எங்கே போவது? எண்ணெய் எண்ணெய்தானே. கடுகண்ணாவைச் செக்கிலிருந்து தேங்காயெண்ணெய் தருவித்தேன். மூக்கையா தலையைச் சொறிந்தான். "யாரும் ஊத்திப் பாத்ததில்லைங்க. வேணாங்கய்யா." அவன் என்ன சஞ்சிகை படித்தவனா? மத்தியானம் ஊற்றி ஓட்டினோம். சத்தம் பாதி அடங்கிவிட்டது.

நவம்பர் 25

எங்கு பார்த்தாலும் காய்ச்சல். மஹ்மூத் வந்தான். மாமாவுக்கும் காய்ச்சலாம். மஸீனா பெட்டியை எடுத்துவிட்டாள். நோன்புப் பெருநாளைக்குக் காரிலேயே போவோம், பயணத்துக்கு இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பழக்கவேண்டும் என்றேன்.

"இந்தக் கார் என்னைக் கூட்டிப் போறதுக்கா, வாப்பாவுக்குக் காட்டுறதுக்கா?" என்று கேட்டாள்.

நான் பெட்டியை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 16

நோன்போடு பேராதனை வரை போய் வந்தேன். நல்ல வெயில், நல்ல ஓட்டம். மஸீனா ஏற மறுத்துவிட்டாள். ஏறினால் திகனைக்குத்தான் ஏறுவாளாம்.

1935 ஜனவரி 3

எழுதித்தான் ஆகவேண்டும்.

செவ்வாய் மாலை மஹ்மூத் ஆள் அனுப்பினான். மாமாவுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை, மஸீனாவையே கேட்கிறார், உடனே வரவும். காருக்கு விளக்கு இல்லை, விடியட்டும் என்றேன். ஸஹர்ச் சாப்பாடு முடிந்ததும் அவள் ஆறு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டு நின்றாள். கார் பஸ்ஸுக்கு முன்னால் போய்விடும் என்று நான்தான் தடுத்தேன்.

நல்ல பனி. எஞ்சினைச் சுற்றும் கைப்பிடி அசையவில்லை. புதுப் பெயரிங், இறுக்கம் இருக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நாலு பேரைப் பிடித்து மேட்டிலிருந்து தள்ளினேன். பிடித்துக்கொண்டது. மஸீனா முதன்முதலாக என் காரில் ஏறினாள்.

பல்லேகலைக்கு இப்பால் ஒரே முறை கிறீச்சென்று கத்தி நின்றுவிட்டது. எஞ்சின் அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாக, கட்டியாக, நெய்போல் — தேங்காயெண்ணெய். மார்கழிக் குளிரில் உறைந்து கிடக்கிறது. தண்டுக்கு ஒரு சொட்டு எட்டவில்லை, ஈயம் உருகிப் போயிற்று. கண்டியில் எந்த வீட்டில் தெரியாது இது? பதினொரு வருடமாக என் வீட்டில் ஒவ்வொரு மார்கழியும் அவள் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்கிறாள். பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். மடையன். படிச்ச மடையன்.

அதோடு விட்டேனா? அரை மணியில் ஓட வைக்கிறேன் என்று ஒன்பது மணி வரை அவளைத் தெருவோரம் நிற்க வைத்தேன். பஸ் எங்களைத் தாண்டி எப்போதோ போயிருந்தது. கடைசியில் ஒரு மாட்டு வண்டி கிடைத்தது.

மாமா எட்டு மணிக்கே மவுத்தாகிவிட்டார். காய்ச்சல் ஊரென்று அவசரமாகக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியிருக்கிறார்கள். திகனை எல்லையில் மாமாவைச் சுமந்த சந்தூக்கு எதிரே வந்தது. ஆண்கள் தூக்கி வருகிறார்கள். பெண்பிள்ளை அதை நிறுத்தி முகம் காட்டு என்று கேட்க முடியுமா? மஸீனா முக்காட்டை இழுத்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே இருந்தாள். அவள் கண்டது மேலே போர்த்திய துணியைத்தான்.

நான் இறங்கினேன். மஹ்மூத் முன்பக்கம் எனக்கு இடம் விட்டான். மூத்த மருமகனுக்குரிய இடம். பள்ளிவாசல் வரை சுமந்தேன்.

ஜனவரி 7

பெருநாள். மஸீனா திகனையில். இங்கே யாரும் வரவில்லை.

பெப்ரவரி 17, ஞாயிறு

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து வியாழக்கிழமை மஸீனா வந்தாள். பஸ்ஸில், தனியாக. சமைக்கிறாள், துவைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசினால் தாங்கிக்கொள்வேன்.

காலையில் மூக்கையா வந்தான். ஆறு வாரமாகக் கொட்டிலில் கிடக்கிறதே, மறுபடி ஈயம் ஊற்றிப் பார்ப்போமா என்று கேட்டான். வேண்டாம், பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் காதில் விழவேண்டும் என்றும் சொன்னேன்.

மஸீனா குசினி வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மூக்கையாவிடம்தான் சொன்னாள்.

"குடுக்க வேணாம். செஞ்சிக்கிட்டே இரிக்கட்டும். இல்லாட்டி வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருவாரு."

மூக்கையா தலையைக் குனிந்துகொண்டு மரைச் சாவிகளை எடுத்தான். நானும் கொட்டிலுக்குப் போனேன்.