ருசி பார்க்காமல் சமைத்த கறி

அண்ணே,

நேற்று நான் போட்டிருந்த சட்டையைச் சாந்தி மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக ஒரு வாளியில் ஊறப் போட்டிருக்கிறாள். காலையில் வீட்டின் பின்பக்கம் போனவன் அந்த வாளியருகே நின்றுவிட்டேன். கிராம்பு, கடுகு, கருகிய சீனி, அவற்றுக்கு அடியில் வெந்த கொழுப்பு. சோப்புத் தண்ணீரையும் மீறி எழுந்தது. உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸின் வாசனை. இத்தனை ஆண்டுகளும் நீங்கள் வாசலில் வந்து கட்டிப்பிடிக்கும்போது உங்கள் சட்டையில்தான் அதை மோந்திருக்கிறேன்.

ஆமாம், இந்த முறை நான்தான் செய்தேன். மாட்டுக்கறியைத் தொட்டே அறியாத நான், உப்புநீரில் ஊறவைத்து வேகவைக்கும் உங்கள் கார்ன்ட் பீஃபை, உங்கள் ஏர் ஃபிரையரிலேயே செய்தேன். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு டிசம்பரை நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் கால்கள் வீங்கியிருந்தன. சமையலறையில் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த, போர்த்துகீசிய வழிவந்த செரானி அம்மாளிடம் இளவயதில் கற்றுக்கொண்ட அந்தக் கறியை நீங்கள் எப்போதும் பெரிய பானையில்தான் வேகவைப்பீர்கள். பாதி நாள் அடுப்பருகே நின்று நுரை எடுத்துக்கொண்டே இருப்பீர்கள். இருதய டாக்டர் அதற்கெல்லாம் தடை போட்டுவிட்டார். அந்தச் சமயம் பார்த்து ஆஸ்திரேலியாவிலிருந்து உங்கள் மகள் ஏர் ஃபிரையரை அனுப்பிவைத்தாள். நீங்கள் செய்த முதல் வேலை அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூடியைக் கழற்றிப் பார்த்ததுதான். மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதன் பின்னால் காற்றாடி, ஒரு தெர்மோஸ்டாட். என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள்.

"நம்ம லைன் ஓவன்தான் தம்பி இது. குட்டி போட்டிருக்கு."

பிறை ஊர்த் தொழிற்சாலையில் நாம் இருவரும் பார்த்துக்கொண்ட அந்த நீண்ட அடுப்பைச் சொன்னீர்கள். சர்க்யூட் பலகைகள் ஒரு பக்கம் நுழைந்து, ஒவ்வொரு அறையாகச் சூடேறி, ஈயம் உருகி, ஆறி, மறுபக்கம் வெளியே வரும் அடுப்பு. ஒரேயடியாகச் சூட்டை ஏற்றினால் பலகை வெடித்துவிடும். புதிதாக வந்த இன்ஜினியர்கள் வேகத்தைக் கூட்டச் சொல்லும்போதெல்லாம் நீங்கள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அவர்கள் போன பிறகு என்னிடம், "சூட்டுக்கு அவசரம் தெரியாது லா" என்பீர்கள்.

அதை நீங்களே மறந்தீர்கள். முதல் துண்டை அப்படியே கூடையில் வைத்துச் சூட்டை முழுக்க ஏற்றினீர்கள். வெளியே வந்தது செருப்புத் தோல். அண்ணி சிரித்த சிரிப்பில் உங்களுக்குக் கோபமே வந்துவிட்டது. மறுநாள் இன்னொரு துண்டை அலுமினியத் தாளில் இரண்டு சுற்று சுற்றி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மெதுவான சூட்டில் வைத்தீர்கள். கறி பஞ்சாக வெந்த பிறகு தாளைப் பிரித்து, கடுகுப் பசையும் சீனியும் தடவி, கடைசியில் மட்டும் சூட்டை ஏற்றினீர்கள். மேல்பக்கம் பளபளவென்று மினுங்கியது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டே செய்து முடித்துவிட்டீர்கள். வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

ஈஸ்டர் முடிந்து நீங்கள் போய்விட்டீர்கள். தூக்கத்திலேயே. அண்ணி எழுப்பினபோது எழுந்திருக்கவில்லை.

நவம்பரில், கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், நானும் சாந்தியும் அண்ணியைப் பார்க்கப் புலாவ் தீக்குஸ் போனோம். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். மேசையில் பாதி தின்ற ரொட்டியும் ஆடை படிந்த ஒரு கோப்பை மைலோவும் இருந்தன. வேளைக்கு அதுதான் சாப்பாடு என்று பக்கத்து வீட்டார் முன்பே சொல்லியிருந்தார்கள். கூடத்தில் உங்கள் பெரிய மேசையைச் சுவரோரமாகத் தள்ளி, மேலே துணி போர்த்தியிருந்தார். கிறிஸ்துமஸுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று சாந்திதான் கேட்டாள்.

"வீட்டப் பூட்டிட்டு நிபோங் திபால் போறேன். தங்கச்சி கூப்பிட்டிருக்கா. அவரு இல்லாம யாருக்குக் கதவத் தொறக்குறது?"

எனக்கு மனம் ஒப்பவில்லை, அண்ணே. ஓடாமல் போட்டுவைத்த மெஷினைத் திரும்ப ஓட்டுவது எவ்வளவு பாடு என்று நம் இருவருக்கும் தெரியும். இந்த ஆண்டு பூட்டிய கதவு அடுத்த ஆண்டு திறக்காது. பிறகு அந்த மேசை விற்கப்படும், பிறகு வீடு. நம் லைனில் வேலை பார்த்தவர்களும் பக்கத்து வீட்டார்களும் ஆண்டுக்கொரு முறை ஒன்றாக உட்காரும் இடம் அது ஒன்றுதான்.

"அண்ணி, நீங்க இங்கயே இருங்க. கறி நான் செய்றேன்."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா? நீங்கதான் அத தொடவே மாட்டீங்களே."

"தொடுறேன். திங்கத்தான் மாட்டேன்."

அவர் சரி என்று சொல்லவில்லை. ஏர் ஃபிரையரைக் கேட்டதும் உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார். அது இனிக் கண்ணில் படாவிட்டால் நிம்மதி என்பதுபோல் இருந்தது முகம்.

காரில் வரும்போது சாந்தி வீட்டுக்காரியாகத் தன் நிபந்தனைகளைச் சொன்னாள். கோபமில்லை, ஆனால் உறுதி. அவள் அடுப்பு, அவள் பாத்திரம், அவள் ஐஸ்பெட்டி எதையும் அந்தக் கறி தொடக்கூடாது. எல்லாம் வாசல் போர்ட்டிகோவில். முடித்ததும் வெளிக்குழாயில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். சாமி விளக்கு எரிகிற வீடு, அவள் கேட்டதில் தப்பில்லை. ஒப்புக்கொண்டேன். வேண்டாம் என்று அவள் ஒரு சொல் சொல்லவில்லை என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பசாரில் மாட்டுக்கறிக் கடைப் பக்கம் முதல் நாள் போய், கொக்கியில் தொங்கியதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். எங்கள் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் பசுவுக்குக் கீரை கொடுத்தவள். மறுநாள் மறுபடி போனேன். கடைக்கார பாய் யாருக்கு என்று விசாரித்தார். சொன்னேன். நெஞ்சுக்கறியில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, கொழுப்பைச் சீவும்போது, "மேல ஒரு பக்கம் கொழுப்பு கெடக்கட்டும், இல்லாட்டி காஞ்சிடும்" என்றார். இரண்டு பைகளுக்குள் போட்டுக் கட்டிக் கொடுத்தார். மோட்டார் சைக்கிளில் அதைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வீடிருக்கும் ஜெலுத்தோங் வரை வந்தபோது, பழகிய சாலையே வேறாகத் தெரிந்தது.

உப்புநீரில் ஒரு வாரம் குளிர்ச்சியாக ஊற வேண்டும். வீட்டு ஐஸ்பெட்டி கிடையாது என்றாகிவிட்டதே. மீன்பிடிக்கக் கொண்டுபோகும் கூல் பாக்ஸைக் கழுவி, உப்பு, பழுப்புச் சீனி, கிராம்பு, பட்டை, பூண்டு எல்லாம் நீங்கள் போட்டதைப் பார்த்த நினைவில் கலந்து, கறியைப் பையிலிருந்து கை படாமல் ஒரு வாளியில் சரித்து உள்ளே வைத்தேன். கறி சிவப்பு மாறாமல் இருக்க நீங்கள் சேர்க்கும் அந்தப் பிரத்தியேக உப்பையும் தேடிப் பிடித்தேன். காலையும் மாலையும் மீன்காரரிடம் ஐஸ் வாங்கி வந்து சுற்றிலும் கொட்டினேன். தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டேன். தொழிற்சாலையில்கூட இவ்வளவு கவனமாக எதையும் பார்த்ததில்லை.

வாரம் முடிந்ததும், கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு தடவை செய்துபார்ப்போம் என்று, போர்ட்டிகோவில் வயரை இழுத்து ஏர் ஃபிரையரை வைத்தேன். முதல் முறையாகக் கறியைக் கையால் தூக்கியபோது அதன் கனம் கையை இழுத்தது. கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை. அலுமினியத் தாளில் சுற்றி, தண்ணீர் விட்டு, மெதுவான சூட்டில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். காற்றாடி ஓடும் சத்தம் பழக்கமான சத்தம். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அருவருப்பு எந்த நேரத்தில் விலகிப்போனது என்று தெரியவில்லை. கடுகும் சீனியும் பூசிச் சூடேற்றி எடுத்தேன். கத்தியின் நுனி தடங்கலில்லாமல் உள்ளே இறங்கியது.

அப்போதுதான் புரிந்தது: இதை ருசி பார்க்க ஆளில்லை.

நான் தின்னமாட்டேன். சாந்தி கதவைத் தாண்டி வரவே இல்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். அவர் கும்பிடும் குவான் யின் அம்மனுக்காக மாட்டுக்கறியை விட்டவர் என்று கையை ஆட்டிவிட்டார். பாயிடம் கொண்டுபோகலாம் என்றால், அந்த ஏர் ஃபிரையரில் நீங்கள் பன்றிக்கறி வாட்டியதை நானே பார்த்திருக்கிறேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நானே அந்நியன் மாதிரி நின்றேன். இந்த ஊரில் சமைப்பது சுலபம், அண்ணே. யார் எதைத் தின்பார்கள் என்பதுதான் பெரிய படிப்பு.

அண்ணி ஒருவர்தான் மிச்சம். வாழையிலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு அன்று மாலையே போனேன்.

வேண்டாம், பசியில்லை என்றார். சாப்பிடச் சொல்லவில்லை, சோதித்துத்தான் சொல்லச் சொல்கிறேன் என்றேன். நான் எங்கே போய்க் கேட்பேன் என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். சீன ஆன்ட்டி கதை வரும்போது அவர் உதடு லேசாக நெளிந்தது. ஒரு சிறு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். கண்ணில் நீர் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உப்பு," என்றார். "உப்பு கரிக்குது தம்பி. தண்ணி மாத்தலையா?"

எனக்கு விளங்கவில்லை. உப்புநீரிலிருந்து எடுத்ததும் அப்படியே வேகவைக்கக்கூடாதாம். வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, உப்பை இறக்க வேண்டுமாம். நீங்கள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை என்றேன்.

"அவரு எங்க செஞ்சாரு? அவரு அடுப்புகிட்ட நின்னு பேரு வாங்குவாரு. முந்தின நாளெல்லாம் தண்ணி மாத்துனது யாரு?"

உங்கள் மேல் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது நீங்கள் போன பிறகு அதுதான் முதல் முறை. அந்தக் கோபம் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது. சமையலறைக்குப் போய்ப் பெரிய டப்பாவை எடுத்துக் கழுவினார். அடுத்த துண்டை என் மீன் பெட்டியில் ஊறவைக்க வேண்டாம், இங்கே கொண்டுவந்துவிடுங்கள், உங்களை நம்பமுடியாது என்றார். பேசிக்கொண்டே அந்த உப்புக் கறியின் ஓரத்தை இன்னொரு முறை பிய்த்துத் தின்றார். ரொட்டியோடு. நான் பார்க்காததுபோல் இருந்தேன். நிபோங் திபாலுக்குப் போன் செய்து, தங்கையை இங்கே வரச் சொல்லிவிட்டார் என்று அடுத்த வாரம் சாந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நேற்று, கிறிஸ்துமஸ் அன்று, கதவு திறந்தே இருந்தது. மேசையைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். ஏர் ஃபிரையரை அங்கேயே கொண்டுபோய் வைத்தேன். சூடு என் பொறுப்பு, உப்பு அண்ணியின் பொறுப்பு. கறியை எடுத்ததும் அறுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டு, ஆறட்டும் என்றார். பிறகு அவரே கத்தியை வாங்கி, நாருக்குக் குறுக்காக மெல்லிய துண்டுகளாக அறுத்தார். நம் லைன் ஆட்கள் வந்தார்கள். முதல் தட்டை வாங்கியவர் மென்று பார்த்துவிட்டு, உங்கள் படத்தைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கூட்டம் உட்கார்ந்த பிறகு நானும் சாந்தியும் கிளம்பலாம் என்று எழுந்தோம். காலையிலிருந்து அந்தக் கறியையே கட்டிக்கொண்டு நின்றதில் நாங்கள் என்ன சாப்பிடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. அண்ணி எங்களைப் பிடித்து உட்காரவைத்து, உள்ளேயிருந்து ஒரு மூடிய சட்டியைக் கொண்டுவந்தார். கோழிக்கறி. மாட்டுக்கறி டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், விடிந்ததுமே, தனிச் சட்டியில், தனிக் கரண்டியால் செய்து எடுத்துவைத்திருக்கிறார். சாந்தி கேட்காமலே அதைச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை கிறிஸ்துமஸிலும் உங்கள் வீட்டில் நாங்கள் பயமில்லாமல் தின்றிருக்கிறோம். ஒரு தடவைகூட, இது எந்தச் சட்டியில் செய்தது என்று சாந்தி கேட்க நேர்ந்ததில்லை. அவள் கேட்க வேண்டியிராதபடி நீங்கள் இருவரும் முன்கூட்டியே எல்லாவற்றையும் செய்துவைத்திருக்கிறீர்கள். நீங்கள் அதைப் பேசியதும் இல்லை.

சாந்தி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஆண்டும் செய்வேன், அண்ணே. ஒரு துண்டு போதவில்லை, இரண்டாக வாங்கச் சொல்லி அண்ணியின் உத்தரவு. அதன் ருசி எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை. வருகிறவர்கள் எதைத் தின்பார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்று அவர்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே யோசித்து வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அது. திருப்பித் தருவதாக இல்லை.