விசில் இல்லாமல் வெந்த பருப்பு

இன்று காலை ஜெனி சமையலறைப் பரணில் எதையோ தேடப்போய், ஒரு துணி முடிச்சை எடுத்துவந்து என் முன்னால் போட்டாள். உங்கள் பழைய காக்கிச் சட்டையில் கிழித்த துணி. அவிழ்த்தால் உள்ளே குக்கர் வெயிட், கறுத்துப்போய்க் கிடந்தது. "ஐயே, நம்ம குக்கருக்கு வெயிட் இருந்துச்சா? தொலைஞ்சு போச்சுன்னுதானே நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள் உங்கள் மகள். பதினெட்டு முடிந்துவிட்டது அவளுக்கு. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒரு விசில் கேட்டதில்லை.

ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று வாயில் இட்லியோடு ஓடினாள். கல்லூரியில் மனோதத்துவம் படிக்கிறாள். உங்களுக்கு எங்கே தெரியும், நீங்கள் போகும்போது ப்ளஸ் டூ அல்லவா? மேஜைமேல் அவள் புத்தகமும் இந்த வெயிட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. பரீட்சைக்கு மூன்று பாடமாம். தூக்கம், மருந்தும் போதையும், குழந்தை வளரும் விதம். புரட்டிப் பார்த்தேன். யாரோ நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய் எழுதிய மாதிரி இருந்தது. இதை நான் வேறு யாரிடம் சொல்ல? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

பூந்தமல்லியிலிருந்து கல்யாணமாகி வேப்பம்பட்டுக்கு வந்த நாலாம் நாள் ஞாபகமிருக்கிறதா? பாடியில் தகடு அடிக்கிற ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து, கொரட்டூரில் ரயிலேறி, எட்டு மணிக்கு வந்து படுத்தீர்கள். புதுப்பெண் இல்லையா, சாம்பார் வைத்து அசத்திவிடலாமென்று பத்து மணிக்கு அம்மா கொடுத்தனுப்பிய குக்கரை அடுப்பில் ஏற்றினேன். மூன்றாவது விசிலுக்கு நீங்கள் அறை வாசலில் நின்றீர்கள். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். திட்டவில்லை. அடுப்பை அணைத்தீர்கள். "நைட்டு பூரா ப்ரெஸ்ஸு சத்தம். ஊட்டுக்கு வந்தும் காதுக்குள்ள அடிச்சிக்கினே கீது. இதுவும் சேந்தா நான் இன்னா பண்ணுவேன், சொல்லு" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே உங்கள் கிழிந்த சட்டையில் ஒரு துண்டு கிழித்து, வெயிட்டை முடிந்து பரணில் போட்டேன். அதற்குப் பிறகு நம் வீட்டில் பருப்பு வேக ஒரு மணி நேரம்.

பகல் நமக்கு ராத்திரியானது. ஜன்னலில் பழைய பேப்பரை மைதா பசை தடவி ஒட்டினீர்கள். நான் காலிங் பெல் ஒயரைப் பிடுங்கினேன். எதிர்வீட்டுச் செல்வி மூன்று மணிக்கு மேல்தான் மிக்ஸி போடுவாள். யாரும் சொல்லாமல் அவளாகவே வைத்துக்கொண்ட வழக்கம், நல்லவள். ஸ்பீக்கர் கட்டிய காய்கறி வண்டி தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டால் போதும், கையில் கரண்டியோடு ஓடுவேன். "அண்ணே, மைக்கை அமத்துங்கண்ணே, அவரு தூங்குறாரு!" "இன்னாம்மா, தெனமும் உன்னோட ஒரே ரோதனையாப் பூச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே அணைப்பார். தெருவில் எனக்கு 'உஷ் அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதைச் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மாதா கோயில் மணியை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"மத்தவனுங்க வாரா வாரம் ஷிப்ட் மாத்திக்கினு உடம்பைக் கெடுத்துக்கிறானுங்க. நான் ஒரே நைட்டா கேட்டு வாங்கிக்கினேன். பழகிடும்டி" என்பீர்கள். அவ்வளவு சுலபத்தில் பழகாது என்கிறது ஜெனியின் புத்தகம். கண்ணில் வெளிச்சம் பட்டால் உடம்பு அதைப் பகல் என்றுதான் எடுத்துக்கொள்ளுமாம். பகலில் படுப்பவர் தூக்கம் குறைச்சலாகவும் துண்டு துண்டாகவும் இருக்குமாம். நீங்கள் என்ன செய்வீர்கள், ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்து, முகம் முழுக்க வெயில் வாங்கிக்கொண்டே வீடு வந்து சேர்வீர்கள். ஒரு கறுப்புக் கண்ணாடியாவது வாங்கித் தந்திருப்பேன். அப்போது நமக்கு யார் சொன்னார்கள்?

ஜெனி அழுதால் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிடுவேன். அவள் பேச ஆரம்பித்ததும் எனக்கு ஒரே பெருமை, எவ்வளவு அடக்கமான குழந்தை! எல்.கே.ஜி. சேர்த்த ஒரு மாதத்தில் மிஸ் கூப்பிட்டனுப்பினார்கள். "வாய் அசையுது, சத்தம் வர்ல. காது டெஸ்ட் எடுத்துப் பாருங்கம்மா." அன்று நீங்கள் தூங்கவே இல்லை. ஆவடியில் டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் பின்பக்கம் நின்று மணியடித்தார், தட்டினார், எல்லாவற்றுக்கும் திரும்பினாள். "காது நல்லாத்தான் கேக்குது. பாப்பா, உன் பேரு என்ன?" என்றார். இவள் நாற்காலியில் ஏறி, அவர் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னாள். "ஏம்மா மெதுவா பேசற?" என்று அவரும் மெதுவாகக் கேட்டார். "அப்பா தூங்குறாரு" என்றாள், உங்களைக் காட்டி. நீங்கள் முழித்துக்கொண்டு எதிரில்தான் நின்றீர்கள்.

குழந்தை பார்ப்பதைத்தான் செய்யும் என்று இந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். நான் ரகசியக் குரலில் பேசினேன், அவள் பேச்சு என்றாலே அதுதான் என்று நினைத்துவிட்டாள், அவ்வளவுதான் விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் இருவரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனீர்கள். ப்ளாட்பாரத்தின் கடைசியில் நின்றோம். எக்ஸ்பிரஸ் ஒன்று நிற்காமல் அலறிக்கொண்டு வந்தது. "கத்துடி கண்ணு! ட்ரெய்னுக்குக் கேக்கணும்!" என்று நீங்கள் கத்தினீர்கள். முதல் ரயிலுக்கு உங்கள் காலைக் கட்டிக்கொண்டாள். மூன்றாவது ரயிலுக்குக் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், பெஞ்சில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. "நீயும் கத்தேன்டி" என்றீர்கள் என்னைப் பார்த்து. நான் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எப்படி?

அப்புறம் மாத்திரை. அதைப் பேசாமல் விட முடியாது. போகப் போக உங்கள் தூக்கம் மூன்று மணி நேரத்துக்கு இறங்கிவிட்டது. யாருக்கோ எழுதிய பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கினீர்கள். முதலில் பாதி, பிறகு ஒன்று, அப்புறம் இரண்டு. "இது மருந்துதான்டி, சரக்கா இன்னா?" என்று என்மேல் எரிந்து விழுந்தீர்கள். உடம்பு மாத்திரைக்குப் பழகிவிட்டால் அதே தூக்கத்துக்கு இன்னும் கேட்கும், சட்டென்று நிறுத்தினால் முன்பிருந்ததைவிட மோசமாகும் என்று இங்கே எழுதியிருக்கிறது. எனக்கு அது தெரியாது. ஒருநாள் வயிற்றெரிச்சலில் அட்டையோடு சாக்கடையில் வீசினேன். நாலு நாள் நீங்கள் கண் மூடவில்லை. ஐந்தாம் நாள் காலை வந்து உட்கார்ந்து, "இன்னைக்கு ப்ரெஸ்ஸுல கைய உட்டுட்டிருப்பேன்" என்றீர்கள். நான் செய்தது தப்புதான். அன்றே சொல்லியிருக்கலாம், வீறாப்பில் சொல்லவில்லை. மறுபடி ஆவடிக்குப் போய், டாக்டர் சொன்னபடி, ப்ளேடால் மாத்திரையைக் கால் காலாக வெட்டிக் கொடுத்தேன். மாதக்கணக்கில். கடைசிக் கால் மாத்திரையும் நின்றபோது நீங்கள் எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தீர்கள்.

அது நின்ற மூன்றாவது வாரம் அந்த வியாழக்கிழமை.

இரண்டு இட்லி சாப்பிட்டீர்கள். "இன்னைக்கு சோக்கா தூக்கம் வருது. எழுப்பாத, இன்னா?" என்றீர்கள். ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தினேன். பத்தரைக்கு வண்டிக்காரர் வந்தார், ஓடிப்போய் நிறுத்தினேன். பன்னிரண்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது, அந்தத் தம்பியைக் கெஞ்சி, உருட்டாமல் தூக்கி வைக்கச் சொன்னேன். மூன்று மணிக்கு வழக்கமாக எழுந்துவிடுவீர்கள், எழவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மாத்திரை இல்லாமல் ஆறு மணி நேரம்! சாதித்துவிட்டேன் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று செல்வி வீட்டுக்குப் போய், "இன்னைக்கு மட்டும் மிக்ஸிய நாலரைக்கு மேல போடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜெனி ஸ்கூல் விட்டு வந்து நுனிக்காலில் நடந்தாள்.

நாலரைக்கு உள்ளே போய் "என்னங்க" என்றேன். மெதுவாக. மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்றும் மெதுவாக. அப்புறம்தான் காலைத் தொட்டேன்.

மாரடைப்பு, மதியத்துக்கு முன்னாலேயே ஆகியிருக்கும் என்றார் டாக்டர். தூக்கத்திலேயே போய்விட்டார், பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த மூன்று மணியிலிருந்து நாலரை வரைக்கும் நான் பட்ட சந்தோஷத்தை என்ன செய்வது? அதை யாரிடமும் சொன்னதில்லை. ஜெனியிடம்கூட.

இந்த ஒன்றரை வருஷத்தில் எனக்கு ராத்திரியும் தூக்கமில்லை, பகலும் இல்லை. தெருவில் புதுப் புது ஃபிளாட் வந்துவிட்டது, நாள் முழுக்கத் துளை போடுகிறார்கள். என்னை உஷ் அக்கா என்று கூப்பிட யாருமில்லை. போனில் யார் பேசினாலும் "சத்தமா பேசுங்க, கேக்கல" என்கிறார்கள். ஜெனி காலையில் போனால் ஆறு மணிக்கு வருகிறாள். நடுவில் நான் பேச ஆளில்லை. ஆனாலும் காய்கறி வண்டி திரும்பினால் உடம்பு எழுந்துவிடுகிறது.

தூக்கப் பாடத்தில் ஜெனி பென்சிலால் கோடு போட்ட ஓர் இடம் இருக்கிறது. உறங்கும்போதும் காது முழுதாக மூடிக்கொள்வதில்லையாம். லாரிச் சத்தத்துக்கு அசையாதவர்கூடத் தன் பெயரைக் கேட்டால் விழிப்பதுண்டாம். எனக்கு உங்களைக் கூப்பிடத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று. அந்த 'என்னங்க'வை இருபது வருஷத்தில் ஒரு தடவையும் குரலெடுத்துக் கூப்பிட்டதில்லை.

அதைப் படித்ததும் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோனேன். வெயிட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன், துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன். பருப்பைக் கழுவிப் போட்டுக் குக்கரை ஏற்றினேன். முதல் விசிலுக்கே கை தானாக அடுப்பை அணைக்கப் போனது. பிடித்துக்கொண்டேன். இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. கண் சிவந்து நீங்கள் அறை வாசலில் வந்து நிற்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அந்த வாசலில் போய் நின்று, இருக்கிற குரலையெல்லாம் திரட்டி, "என்னங்க!" என்று கத்தினேன். தொண்டை கிழிகிற மாதிரி இன்னொரு தடவை.

செல்வி ஈரக்கையோடு ஓடிவந்தாள். "இன்னாக்கா ஆச்சு? யாரு கத்துனது, நீயா? உனுக்கு இம்மாம் பெரிய கொரலா! யாரக் கூப்ட?"

"அவரத்தான்" என்றேன்.

"இன்னாது? கேக்கல" என்றாள் செல்வி.

குரல் அதற்குள் பழையபடி இறங்கிவிட்டிருந்தது. அவள் காதைக் கிட்டே கொண்டுவந்தாள். காதுக்குள் மறுபடியும் சொன்னேன்.