‘தர்வாஜா கோலோங்க’ என்றவருக்கு

ஏனுங்க,

நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். வருஷா வருஷம் களை பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலையைச் சாத்திவிட்டு, உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் சொல்லிவிட்டு வருவேன். இந்தத் தடவை அப்படி வாய்விட்டுப் பேச முடியாது. ரெஜியும் கூட வருகிறாள். அவளை எதிரில் வைத்துக்கொண்டு உங்களிடம் கேட்க முடியாததை முன்கூட்டியே எழுதிவிடுகிறேன்.

நம் மகளுக்குத் துணை ராணுவத்தில் வேலை கிடைத்துவிட்டது. விடிகாலைப் பனியில் ஏரியைச் சுற்றி ஓடி ஓடி, செருப்புக் கடைக்காரரைப் பணக்காரர் ஆக்கியது வீண்போகவில்லை. அடுத்த வாரம் பயிற்சிக்குக் கிளம்புகிறாள். நீங்கள் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பீர்கள், அப்புறம் வெளியே போய்ச் சும்மா நின்றிருப்பீர்கள். எனக்கு இரண்டாவதுதான் வருகிறது.

செய்தி உங்களுக்கு எட்டியிருக்காது. நீங்கள் காஷ்மீரில் காவல் நின்ற அதே பக்கத்தில், போன வாரம் ஒரு பஸ்ஸை மறித்துச் சுட்டுப்போட்டார்கள். கூலி வேலைக்குப் போனவர்கள். சோற்று டப்பாக்கள் ரோட்டில் கிடந்ததைத் திரும்பத் திரும்ப டீவியில் காட்டினார்கள். நம் டீக்கடையில் அன்று யாரும் சர்க்கரை கம்மி என்று கூடக் குறை சொல்லவில்லை.

காய்கறிக் கடை செல்வராசு அண்ணன்தான் ஆரம்பித்தார். “ஏனுங்கக்கா, நீங்க மிலிட்டரிக்காரர் ஊட்டு ஆளு. நீங்களே சொல்லுங்க. ஒரே தடவைல வேரோட புடுங்கிப் போட்டாத்தானுங்க அடங்குவானுக?”

நான் வாயைத் திறப்பதற்குள், செம்மநத்தம் பஸ் கண்டக்டர் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார். “அக்கா ஊட்டு அண்ணன் அங்க இருந்தப்பவே வேரப் புடுங்கியாச்சுன்னு டீவில சொன்னாங்களேங்க. அப்ப புடுங்குனது என்னங்கண்ணா?”

செல்வராசு அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. செத்தவர்களில் ஒருத்தன் அவர் மகன் வயசு. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். பால் பொங்கவே இல்லை.

ரெஜியிடம் அப்படித் தப்பிக்க முடியவில்லை. ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். “ஏம்மா, அப்பா அங்க இருந்ததுனால அமைதி வந்துச்சா? அவரு அத நம்புனாரா?”

“எனக்குத் தெரியாது கண்ணு. ஆனா சும்மா அடிச்சுப் போட்டாத் தீந்துரும்னு அவரு சொன்னதில்ல.”

“அப்ப அப்பாகூட இருந்த மகேந்தர் மாமாவச் சுட்டவன என்ன பண்ணியிருக்கோணும்? ஏனுங்கன்னு கூப்ட்டு டீ ஊத்திக் குடுத்திருக்கோணுமா?”

அவள் கேலியாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவளுக்குத் தெரிந்தது பாதிக் கதை.

அந்தப் பாதியை நீங்கள்தான் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள். நம் கொட்டச்சேட்டில் பிறந்து, மரியாதைக்கு ‘ங்க’ போடாமல் பேசத் தெரியாத ஆளைக் கொண்டுபோய் வீடு வீடாகச் சோதனை போட விட்டால் என்ன ஆகும்? கதவைத் திற என்பதற்கு ‘தர்வாஜா கோலோ’ என்று இந்தியில் சொல்லிக்கொடுத்தால், நீங்கள் ‘தர்வாஜா கோலோங்க’ என்றீர்கள். ஆபீசர் திட்டினார். கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஜஸ்தான்காரர் மகேந்தர் உங்களுக்கு ‘ங்க’ என்றே பேர் வைத்தார்.

அந்த ஊர் ஜனங்களுக்கும் அது பிடித்துப்போய்விட்டது. கதவுக்கு வெளியே ங்க கேட்டால் பயமில்லாமல் திறந்தார்கள். வால்நட் மரத்து வீட்டு அம்மா ஒருத்தர், பாலத்துக்கு அடியில் யாரோ வெடிகுண்டுக் கம்பி புதைத்திருப்பதை உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்கு உங்கள் வண்டி அந்தப் பாலத்தில் ஏறவில்லை. ரெஜிக்குத் தெரிந்த கதை இங்கே முடிகிறது. மகேந்தர் மாமா பிறகு சண்டையில் இறந்துவிட்டார் என்பது மட்டும் தெரியும்.

மீதியை நீங்கள் எனக்குச் சொன்னது, புயல் மழையில் கடை திறக்காத ஒரு மத்தியானம். இன்னொரு வீட்டு வாசல். வழக்கம்போல் கோலோங்க என்றீர்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று உள்ளே இருந்து ஒரு பெண் குரல். மகேந்தர் கதவை உதைக்கக் காலைத் தூக்கினார். நீங்கள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். அந்த இடைவெளியில் மாடி ஜன்னலிலிருந்து சுட்டார்கள். மகேந்தர் உங்கள் மேலேயே சாய்ந்தார்.

அதற்கப்புறம் நீங்கள் எந்தக் கதவுக்கும் வெளியே நிற்கவில்லை. எல்லாக் கதவையும் உடைத்தீர்கள். வால்நட் மரத்து வீட்டுக் கதவையும் உடைத்தீர்கள். சுட்டவர்கள் மாட்டினார்கள். ரோட்டில் வெடிச் சத்தம் நின்றது, கடைகள் திறந்தன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அதெல்லாம் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும்.

“ஆனா அந்த அமைதில எங்ககூட ஒருத்தருமே பேசல, ஸ்டெல்லா” என்றீர்கள். நீங்கள் மாற்றலாகிப் போன மறு வருஷம் அதே பாலத்தில் குண்டு வெடித்தது. இந்தத் தடவை யாரும் யாரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அதைச் சொல்லி முடித்ததும் எழுந்து போய் அடுப்பில் கட்டை தள்ளினீர்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. ரிட்டையர் ஆகி வந்தபிறகு நீங்கள் நம் வீட்டுக் கதவையே தட்டியதில்லை. சொந்த வாசலில் நின்றுகொண்டு, “ஏனுங்க, ஊட்டுல யாருங்க?” என்று கூப்பிடுவீர்கள். கேஸ் சிலிண்டர்காரர் வந்திருக்கிறார் என்று நானும் ரெஜியும் கிண்டல் அடிப்போம். நீங்களும் சிரிப்பீர்கள்.

இப்போது சொல்லுங்கள், நான் என்ன செய்யட்டும்? பாலத்துக் கதையோடு மட்டும் அவளை அனுப்பினால், அவள் உங்கள் மகள், ஏதோ ஒரு வாசலில் நின்று பொறுமையாகக் கூப்பிடுவாள். மாடியில் ஜன்னல் இருக்கும். மகேந்தர் கதையைச் சொல்லி அனுப்பினால் அவள் உயிரோடு திரும்பலாம். ஆனால் எத்தனை கதவை உடைத்துவிட்டுத் திரும்புவாள்?

துப்பாக்கியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த பஸ்ஸுக்கு முன்னால் நாலு பேர் துப்பாக்கியோடு போயிருந்தால், அவர்கள் அந்தச் சோற்றைத் தின்றிருப்பார்கள். அது போதாது என்று சொல்லவும் எனக்கு உங்கள் பாலம் இருக்கிறது. வெடியை நிறுத்த உங்களால் முடிந்தது. வால்நட் மரத்து வீட்டு அம்மாவை மறுபடி பேசவைக்க யாரால் முடியும்? அதற்கு எந்தப் படையை அனுப்புவது? இதையெல்லாம் செல்வராசு அண்ணனிடம் சொன்னால் டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

நேற்று சாயங்காலம் ஒன்று நடந்தது. வேலைக்கு வேண்டுமென்று ரெஜி போனைப் பார்த்து இந்தி படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தலையை நிமிர்த்தி, “அம்மா, இந்திலயே ங்க இருக்குதும்மா” என்றாள். “கோலோன்னாத் திற. கோலியேன்னாத் திறங்க. இது அப்பாவுக்குத் தெரியாதா? இத்தன வருஷம் சர்வீஸ் பண்ணிருக்காரு, யாருமே சொல்லித் தரலியா?”

அத்தனை வருஷம் இந்திக்காரர்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? சோதனை போடப் போகிற இடத்தில் அந்த மரியாதையைச் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தார்களா? அதனால்தான் ஆபீசருக்குப் புரியாத நம் ஊர் ங்கவைக் கொண்டுபோய் ஒட்டவைத்தீர்களா? தெரியாமல் செய்தது என்றல்லவா நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

என் முகம் போன போக்கைப் பார்த்து, என்னைச் சிரிக்கவைக்கிறேன் பேர்வழி என்று அவள் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உங்களைப் போலவே குரலை இழுத்து, “தர்வாஜா கோலியேங்க” என்றாள்.

நான் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் நிற்கிறாள் பார்க்கலாம் என்று தோன்றியது. வெளியே சத்தமே இல்லை. தட்டவும் இல்லை, தள்ளவும் இல்லை. அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். எனக்கு அந்த மாடி ஜன்னல் ஞாபகம் வந்துவிட்டது. திறந்ததும் அவளை இறுகக் கட்டிக்கொண்டேன். “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நாளை மறுநாள் உங்கள் தலைமாட்டில் வைத்து அவளிடம் முழுக் கதையையும் சொல்லிவிடுவேன். பாலத்தையும் சொல்வேன், மகேந்தரையும் சொல்வேன். எதை எடுத்துக்கொண்டு போகிறாள் என்பது அவள் பாடு. இவ்வளவுதான் என்னால் சத்தியம் பண்ண முடியும். நான் சொல்லும்போது அவள் பக்கத்தில் நீங்கள் இருங்கள். அப்புறம் அவள் போகிற வாசலில் எல்லாம், ஜன்னல் பக்கமாக நீங்கள் நில்லுங்கள்.

இப்படிக்கு,
வாசலில் உங்கள் குரலுக்குக் காது கொடுத்தே பழகிப்போன மனைவி,
ரெஜியின் அம்மா ஸ்டெல்லா