இன்னும் கொஞ்சம் கனம்

மார்ச் 3, திங்கள்

இன்றும் கேட் தூணில் உரசல். கதவில் ஏற்கனவே இருந்த கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு. "ஸ்டீயரிங் கனக்குது. திருப்பினா வர மாட்டேங்குது, நான் என்ன பண்ண?" என்றார் இவர். திருப்பும்போதெல்லாம் முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் வருவது எனக்கே கேட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஊரில் பாதிப் பேருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷர். இன்றைக்கும் கடைத்தெருவில் எல்லோருக்கும் வாத்தியார்தான். பயிற்சிப் பள்ளியை மூடியபோது மேசை நாற்காலியை எல்லாம் கொடுத்துவிட்டு இந்தப் பழைய காரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பயிற்சி வண்டி என்பதால் பக்கத்து சீட்டிலும், அதாவது என் காலடியிலும், ஒரு பிரேக், ஒரு கிளட்ச். கழற்றிப் போடுங்கள் என்றால், "இருந்துட்டுப் போகட்டும், அது என்ன சோறா கேக்குது" என்பார்.

எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. இவரே சொல்லிக்கொடுத்து எடுத்ததுதான். ஆனால் நான் ஓட்டினால் இவரால் சும்மா உட்கார முடியாது, இவர் சும்மா உட்காராவிட்டால் என்னால் ஓட்ட முடியாது. குடும்பம் நிலைக்கட்டும் என்று சாவியை அவரிடமே விட்டுவிட்டேன். தினமும் காலையில் என்னைப் பல் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுகிறார். அங்கே வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்காரவைப்பது என் வேலை.

மார்ச் 5, புதன்

பானட்டைத் திறந்து பார்த்தார். ஸ்டீயரிங் ஆயில் குறைந்திருந்ததாம். ஷெட்டிலிருந்து பாட்டிலை எடுத்துவந்து ஊற்றினார். முனகல் கொஞ்சம் அடங்கியது, கனம் அப்படியே. "உள்ள காத்து புகுந்திருக்கும்" என்றார். பானட்டைத் திறந்தால் இவருக்குப் பத்து வயது குறைந்துவிடுகிறது. மூடினதும் திரும்ப ஏறிவிடுகிறது.

மார்ச் 8, சனி

ஷெட்டில் எறும்பு. அலமாரியைக் காலி செய்து, மருந்தடித்து, ஒவ்வொரு பாட்டிலாகத் துடைத்து அடுக்கினேன். முதுகு விட்டுப்போச்சு. நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் இந்தப் பாட்டையும் எதிர்பார்க்கவில்லை. "அங்கெல்லாம் எதுக்குக் கை வைக்கிற? என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? எடுத்ததை எடுத்த இடத்துலயே வச்சியா இல்லியா?"

வைத்தேன் என்றேன். எண்ணெய் பாட்டிலுக்கு எந்த இடமாக இருந்தால் என்ன என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு நானும் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் இவரிடம் ஓட்டக் கற்றவர். இன்னும் இவர் முன்னால் உட்கார மாட்டார். முதலில் பெல்ட்டைப் பார்த்தார். தளர்ந்திருந்தது, இறுக்கினார். அப்புறம் ஸ்டீயரிங் பம்ப்பின் கீழே கையை விட்டுப் பார்த்தால் விரலெல்லாம் ஈரம். "ரப்பர் சீல் போயிடுச்சு சார். அதான் ஆயில் இறங்குது, காத்து ஏறுது."

சீலை மாற்றிப் புது ஆயில் ஊற்றி, முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பினார். ஆயில் டப்பாவில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. நாங்கள் எல்லோரும் டப்பாவையே பார்த்தோம். இவர் மட்டும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். "இன்னும் இருக்கு. திருப்பு. இன்னும் கொஞ்சம். ம், போதும்." பட்டறைக்காரர் என்னைப் பார்த்து, "சாருக்குக் கண்ணே வேணாம் அக்கா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

திரும்பி வரும்போது ஒற்றை விரலில் திருப்பலாம் போல இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

கேட் தூண் மூன்று நாளாகப் பிழைத்துக் கிடக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

ஞாயிறு என்றால் பானட்டைத் திறந்தாக வேண்டும். பட்டறையில் பார்த்து ஐந்து நாள்தான் ஆகிறது என்றாலும் இன்று இவர் பார்க்க வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. காற்று வெளியேறிய பிறகு அளவு கொஞ்சம் இறங்குமாம். டப்பாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார், ஷெட்டுக்குப் போனார், பாட்டிலோடு வந்து ஊற்றினார், மறுபடி விரலை விட்டார். அளவுக்குத்தான் டப்பாவிலேயே கோடு போட்டிருக்கிறதே என்றேன். "கோட்டை நம்பி நான் வண்டி ஓட்டலை" என்றார். கையைத் துடைத்தது என் நல்ல துண்டில்.

மார்ச் 20, வியாழன்

இன்று டோக்கன் நம்பரை எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுத்து டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரித் தெரு திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரர். நேர் எதிரே. ஒதுங்கி எல்லாம் இல்லை, நட்ட நடுவில். இவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. குறைப்பார், குறைப்பார் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன் — என் கால் தானாகப் போய் என் பக்கத்து பிரேக்கை மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் கீழே விழவில்லை. காலை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கே, என்னால மறக்கவே முடியாது. அவருக்கு என் அண்ணன் வயசு இருக்கும்.

"ஸ்டீயரிங் திரும்பலை" என்றார் இவர். "மறுபடி கனமாயிடுச்சு."

சாயங்காலம் இவர் தூங்கும்போது சாவியை எடுத்துப்போய் என்ஜினைப் போட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். கனமே இல்லை. லேசாகத் திரும்பியது. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்போ என்ன ஆகுது இவருக்கு? கையில பலம் இல்லையா? தலையில ஏதாவதா? என்கிட்ட எதுக்கு மறைக்கணும்? யாருக்காவது ஏதாவது ஆயிட்டா — எழுதவே பயமாக இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

இன்றும் ஆயில். இந்த முறை நிறைய ஊற்றினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கேட்க நினைத்தது வேறு.

ஏப்ரல் 2, புதன்

நான்தான் பாவி. ஸ்டீயரிங் நிஜமாகவே கனக்கிறது. காலையில் வண்டியை எடுக்கும்போதே பழைய முனகல், அதுவும் இரண்டு மடங்கு. நானும் கையைக் கொடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. வண்டி நின்ற இடத்தில் தரையில் ஈரம்.

இவர் முகத்தில் என்ன ஒரு நிம்மதி. "நான் சொன்னேனா இல்லியா? நீ நம்பலை."

"தப்புதாங்க" என்றேன். மனதார. பத்துப் பன்னிரண்டு நாளாக இவரைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேனே. சாயங்காலம் வரும்போது இவருக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கி வந்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

பட்டறைக்காரர் பம்ப்பைப் பிரித்துப் போட்டார். போன மாதம் போட்ட புதுச் சீல் ஊறி உப்பி, நகத்தால் அழுத்தினால் பிய்ந்துகொண்டு வந்தது. அவர் டப்பாவிலிருந்து ஒரு சொட்டைத் தொட்டு முகர்ந்தார். திரும்பவும் முகர்ந்தார்.

"இதுல பிரேக் ஆயில் கலந்திருக்கு அக்கா. யார் ஊத்தினது?"

பிரேக் ஆயில் பட்டால் ஸ்டீயரிங் பம்ப்பின் ரப்பர் செத்துப்போகுமாம். பம்ப்பே போச்சு, குழாய் எல்லாம் கழுவணும் என்றார். "நல்லவேளை, பிரேக் டப்பால ஸ்டீயரிங் ஆயிலை ஊத்தலை. ஊத்தியிருந்தா வண்டி நின்னிருக்காது."

வேலையாட்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் பார்க்காமல் நின்றார். இத்தனை பேருக்கு வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த மனுஷர்.

"நான்தான் ஊத்தினேன். பாட்டில் மாறிப்போச்சு" என்றேன்.

"என்ன அக்கா நீங்க, சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் பட்டறைக்காரர்.

வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்தோம்.

ஏப்ரல் 5, சனி

விடிந்ததும் ஷெட்டுக்குப் போனேன். இரண்டு பாட்டிலும் ஒரே உயரம், ஒரே பருமன், கறுப்பு. ஆனால் ஒன்றில் பிரேக் ஆயில் என்று சிவப்புச் சீட்டு, மற்றதில் ஸ்டீயரிங் ஆயில் என்று நீலச் சீட்டு. எழுத்து ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட மாற்றி எடுக்காது.

இவர் வரும் சத்தம் கேட்டது. ஏனோ கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். இவர் அலமாரியின் ஓரத்தைக் கையால் தொட்டார். அங்கிருந்து தடவிக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதை எடுத்தார். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நின்றார். நீண்ட நேரம் நின்றார்.

மூன்றாவது இடத்தில் சிவப்புச் சீட்டு. எறும்பு மருந்து அடித்த அன்று அதை அங்கே வைத்தது நான்.

"ஏங்க" என்றேன். திடுக்கிட்டுத் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தார். அப்படிப் பார்ப்பது கொஞ்ச நாளாகவே நடக்கிறது. கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு நாளா?"

"நடுவுலதான் தெரியல. பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. ஓரத்துல எல்லாம் தெரியுது."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். போன வருஷம். போனது போனதுதானாம். மிச்சத்தை ஊசி போட்டுப் பிடிச்சு வைக்கலாமாம். அதுக்கப்புறம் போகலை."

"என்னை வச்சுக்கிட்டு தினம் ஓட்டினீங்களே."

"உன் காலடியில பிரேக் இருக்கேன்னுதான்..." என்றார்.

கத்தினேன். அந்தச் சைக்கிள்காரருக்குப் பிள்ளை குட்டி இருக்காதா, உங்க கௌரவத்துக்கு அந்த ஆளா கிடைச்சான்னு கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். இவர் பாட்டிலை மூடி, தடவிப் பார்த்து, மூன்றாவது இடத்திலேயே திரும்ப வைத்தார். அதைப் பார்த்ததும் கத்த முடியாமல் போய்விட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பானட் திறக்காத ஞாயிறு. திறக்க வண்டியும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

மகள் போனில் அழுதாள். "வித்துடுங்கம்மா. அப்பா கண்ணு முன்னாடி அது நின்னாலே ஆபத்து." கண்ணு முன்னாடி என்று சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள்.

இவர் ஷேவ் செய்வதில்லை. பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கண் ஆஸ்பத்திரிக்கு நாள் வாங்கியிருக்கிறேன் என்றேன். "என்னத்துக்கு?" என்றார். இப்படியே விட்டால் இந்த ஆள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். மிச்சப் பார்வையும் போய்விடும். எனக்கு அந்தப் பயம்தான் இப்போது.

ஏப்ரல் 12, சனி

புது பம்ப் போட்டு பட்டறைக்காரரே வண்டியைக் கொண்டுவந்து விட்டார். "சார், ஒரு ரவுண்டு வாங்க, பூ மாதிரி திரும்புது" என்று கூப்பிட்டார். "தலைவலி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சாவியை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

ஏப்ரல் 17, வியாழன்

நானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். வியர்த்துக் கொட்டியது. இரண்டு இடத்தில் என்ஜின் நின்றது, பின்னால் வந்தவர் ஹாரனிலேயே திட்டினார். ஆனால் ஸ்டீயரிங்கை ஒரு குறை சொல்ல முடியாது. பட்டறைக்காரர் சொன்னது சரிதான்.

பக்கத்து சீட்டுக் காலியாக இருந்தது. "கிளட்ச், கிளட்ச்" என்று யாராவது கத்தினால் தேவலை போல இருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

வாங்களேன், சும்மா கடைவரைக்கும் என்றேன். "அந்தச் சீட்டுல உக்காந்து சொல்லிக்கொடுத்து சோறு தின்னவன் நான். இப்ப மூட்டையா அதுல உக்காரணுமா?" என்றார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 28, திங்கள்

இன்று கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். காலையில் சட்டையை எடுத்து வைத்தேன். "வரலை" என்றார். கெஞ்சினேன். "வரலைன்னா விடேன்."

வெளியே போய் வண்டியில் உட்கார்ந்து என்ஜினைப் போட்டேன். முனகல் இல்லை, ஈரம் இல்லை. ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தேன். பிறகு இறங்கி உள்ளே வந்தேன்.

"ஏங்க, ஸ்டீயரிங் மறுபடி கனக்குது. திருப்ப முடியலை. பயமா இருக்கு" என்றேன்.

இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். பிறகு, "பெல்ட்டை இறுக்கினானா அவன்?" என்றார். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். பட்டன் ஒன்று மாறியிருந்தது. நான் சொல்லவில்லை.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காலால் தடவி, அந்த பிரேக்கைத் தேடிக் கண்டுபிடித்து, மேலே பாதத்தை வைத்துக்கொண்டார். கேட்டைத் தாண்டும்போது, பழைய நாளில் புதுசாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் செய்வது போல, கையை நீட்டி ஸ்டீயரிங்கை என் கைக்குப் பக்கத்தில் பிடித்தார். சேர்ந்து திருப்பினோம். அது வெண்ணெய் போலத் திரும்பியது. எத்தனை வருடம் ஸ்டீயரிங் பிடித்த கை அது, அந்தக் கைக்குத் தெரியாதா?

நான் தெருவையே பார்த்து ஓட்டினேன்.

"ஆமா" என்றார். "இன்னும் கொஞ்சம் கனமாத்தான் இருக்கு."

கண் ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை கையை எடுக்கவில்லை.