திரையில் வரப்போகும் பெயர்

ஒசாகா,
ஜூன் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மழை பிடித்து நான்கு நாளாகிறது. துணி எதுவும் காயவில்லை. அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? உன் பெண் கானாயேயின் நிச்சயதார்த்தப் படம் வந்தது. கண்பட்டுவிடப் போகிறது, அவ்வளவு அழகு.

ஒரு விஷயம். இரண்டு முறை போனில் சொல்ல வந்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

நான் நடிக்கும் பேய்ப்படங்களைக் கேலி செய்வாயே, "இந்தத் தடவை எத்தனாவது நிமிஷத்துல சாகுற?" என்று. இந்த முறை நானே பேய். அந்தக் காலத்து நூற்பாலை ஒன்றில் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போனதால் தீயில் வெந்துபோனவள். அவளுக்குப் பெயரும் இல்லை, வசனமும் இல்லை. "உங்களுக்கு வர்ற மாதிரி கத்துங்க, போதும்" என்றார் இயக்குநர் ஹியாமா.

கதவைத் தட்டிக்கொண்டே கத்தினேன். வந்தது ஜப்பானிய மொழி இல்லை, அண்ணா. "கதவைத் திற, நான் வீட்டுக்குப் போகணும்." அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுக்கச் சொன்னாளே, அதே கொரிய வார்த்தைகள். நர்ஸ் கேட்டபோது நீ "அம்மா ஏதோ உளர்றாங்க" என்றாய். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

"யனகாவா சான், அது என்ன பாஷை?" என்றார் ஹியாமா. என் அம்மாவின் பாஷை என்றேன். தயாரிப்பாளர் தொகாஷிக்கு ஒரே சந்தோஷம். "அப்படியே இருக்கட்டும். வேத்துப் பாஷைன்னா சனம் இன்னும் பயப்படும்!"

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவின் பேச்சு ஊரைப் பயமுறுத்தத்தானா? நான்காம் நாள் போய்ச் சொன்னேன்: அவளுக்கு ஒரு பெயர் வேண்டும், அவள் சொல்வது திரையில் ஜப்பானிய எழுத்தாகவும் வர வேண்டும், இல்லையென்றால் அந்தக் குரலை எடுத்துவிடுங்கள். தொகாஷி, "புரிஞ்சுட்டா எவன் பயப்படுவான்?" என்று எகிறினார். ஹியாமா, "பயப்படாட்டி அழட்டுமே" என்றார். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

"அப்ப உங்க பேரை எப்படிப் போடட்டும்?" என்று ஹியாமா கேட்டார். நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். யனகாவா என்று இல்லை, நம் கொரியப் பெயரில், யாங் சுன்ஹி என்று.

உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்பாய், நானும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன். நாம் கொரியர்கள் என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு நான் வராமல் இருப்பதுதான் உனக்கு நல்லது என்றால் வரவில்லை. அதை உன் கையால் ஒரு வரி எழுது, போதும்.

ஆனால் கானாயே போன வாரம் பேசினாள். "அத்தே, மொத நாளே அவரையும் கூட்டிட்டுப் போய்ப் பார்க்கப் போறேன்!" படம் ஆகஸ்டில் வருகிறது. அவளுக்கு நம் பெயரே தெரியாது, அண்ணா. இருட்டுக் கொட்டகையில் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவள் அதை முதல் முறையாகப் படிக்கக் கூடாது. அதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. பாட்டி உளறவில்லை என்பதையும் சொல்.

குழந்தை குறையில்லாமல் வாழட்டும். நீ என்மேல் கோபப்படு, பரவாயில்லை; அவளிடம் மட்டும் பேசு.

உன் தங்கை,
சுன்ஹி